பியானோவுக்கு அடியில் ஒரு சாக்கு

ஆற்றில் தண்ணீர் வந்தால் காற்றில் ஈரம் கூடி, தஞ்சாவூர் மண்டபத்துப் பியானோவுக்குச் சுருதி ஏறிவிடும். அதனால் ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை திருச்சியிலிருந்து வந்து கம்பிகளைச் சரிசெய்வது சவரிமுத்துவின் வழக்கம். இந்த ஆடியில் இன்று சாயங்காலம் கச்சேரி. நாலு நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில் ஜன்னல் வழியே விழுந்து, திறந்த பெட்டிக்குள் கம்பியெல்லாம் மினுங்குகிறது. அவர் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போகிறார். நடுவில் எட்டுக் கட்டைகள் மட்டும் மற்றதைவிட அதிகமாக ஏறிக் கிடக்கின்றன. இங்கே மட்டும் எப்படி இவ்வளவு ஈரம்? குனிந்து பார்க்கிறார். ஈரம் அண்டாமலிருக்க அவரே மாட்டச் சொன்ன பல்பு அடியில் எரிகிறது. அதை ஒட்டி ஒரு நனைந்த சாக்கு.

"ராசம்மா, என்ன இது?" மண்டபம் கூட்டும் ராசம்மாளின் விளக்குமாறு பாதியில் நிற்கிறது. "விதைநெல்லுங்க. கொடி புடிச்சுப் போராடி, நில உச்சவரம்புச் சட்டத்துல வாங்குன அரை ஏக்கருக்கு. மழையில குடிசையில சூடே இல்ல, முளை கட்டல. முந்தாநாள் கொண்டாந்து வெச்சேன். தப்புதாங்க." திட்ட வாயெடுத்தவர் சாக்கைப் பிரிக்கிறார். கதகதவென்று ஒரு வாசனை முகத்தில் அடிக்கிறது. நெல்லுக்கு நெல் எள்ளளவு வெள்ளை முளை. அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. "எப்ப விதைக்கணும்?" "இன்னைக்கேங்க. நாத்தங்கால் தயாரா கெடக்கு." அவரே சாக்கைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிடுகிறார். "தரையத் தொடைச்சுட்டுப் போறேங்க." "நான் தொடைக்கிறேன், நீ போம்மா." வாசற்படியில் அவள் திரும்புகிறாள், ஒரு சொட்டு நீர் நெற்றியில் வழிகிறது.

"தையில வருவீங்கல்ல? அன்னைக்குச் சோறு நம்ம வீட்டுலங்க."