அவள் திருத்தியவை பதினைந்து

ஆங்கிலத்தில் 'இங்' என்று முடியும் சொல்லெல்லாம் ஒன்றல்ல.

இது பிடிபட அவனுக்கு நான்கு நாள் ஆயிற்று.

சாப்பாட்டு மேசை முழுக்க விடைத்தாள்கள். ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. ஆங்கில இலக்கணத் தேர்வு. மொத்தம் முப்பத்தெட்டு.

பதினைந்தை அவன் மனைவி பூங்கோதை திருத்தியிருந்தாள்.

பதினாறாவதைத் தொடும்முன் தலை வலித்திருக்கிறது. பக்கத்து வீட்டில் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து படுத்திருக்கிறாள். எழவில்லை.

அவன் அப்போது ராய்ப்பூர் பக்கம், ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் இருந்தான். திருச்செங்கோடு வந்து சேர ஒன்றரை நாள் ஆனது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். வருடத்தில் ஒன்பது மாதம் அவனுக்கு வடக்கேதான். பிள்ளைகள் இல்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன அன்று, அவள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை போன் செய்தார்.

"அந்தப் பேப்பர் கட்டு வீட்லதான இருக்குதுங்க? குடுத்து உட்டீங்கன்னா மிச்சத்த வேற டீச்சர் திருத்திக்குவாங்க."

"அவளே திருத்தி வெச்சுட்டாளுங்க," என்றான். "திங்கக்கெழமை நானே கொண்டாந்து குடுத்தர்றனுங்க."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தக் கட்டில் இன்னொருவர் பேனா படுவதை நினைத்தான். வாய் முந்திக்கொண்டது.

அவன் ஒன்பதாவதில் ஆங்கிலத்தில் தோற்று, அதோடு படிப்பை விட்டவன். உதிரிபாகங்களின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பான். அவ்வளவுதான்.

தேர்வின் முதல் பாதி சுலபம். அவள் முழு மதிப்பெண் போட்டிருந்த ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் போதும்.

இரண்டாம் பாதியில் மாட்டிக்கொண்டான்.

அதில் பிள்ளைகள் சொந்தமாக வாக்கியம் எழுதி, ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டு, அது என்ன வகை என்று சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு பேர், முப்பத்தெட்டு விதம். ஒப்பிட எதுவும் இல்லை.

அவளுடைய பாடக்குறிப்பு நோட்டைத் தேடி எடுத்தான்.

இன்ஃபினிட்டிவ் முதல் நாளே வந்துவிட்டது. முன்னால் 'டு', பின்னால் வினைச்சொல். டு ஈட். டு ஸ்லீப்.

ஜெரண்டும் பார்ட்டிசிப்பிளும்தான் அலைக்கழித்தன. இரண்டும் ஒரே உடுப்பில் வந்தன.

நோட்டின் ஓரத்தில் அவள் தமிழில் எழுதியிருந்தாள்.

'செயலே பெயராக நின்றால் ஜெரண்ட். இன்னொரு பெயரைச் சார்ந்து நின்றால் பார்ட்டிசிப்பிள்.'

பல் துலக்கும்போது சொல்லிப் பார்த்தான். டீ கொதிக்கும்போது சொல்லிப் பார்த்தான்.

ஸ்விம்மிங் இஸ் குட். நீந்துவது நல்லது. நீந்துவது ஒரு பெயர். ஜெரண்ட்.

க்ரையிங் பேபி. அழுகிற குழந்தை. குழந்தையைச் சார்ந்து நிற்கிறது. பார்ட்டிசிப்பிள்.

சத்தமாகச் சொல்லிவிட்டு நிமிர்வான். எதிர் நாற்காலியில் அவள் கைப்பை இருந்தது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை.

ராய்ப்பூரிலிருந்து அவளுக்குத் தினமும் சாயங்காலம் போன் செய்வான்.

"சாப்ட்டியா?"

"இனித்தானுங்க. பேப்பர் திருத்திட்டு இருக்கறன்."

"சரி, பாரு."

இரண்டு நிமிடம்கூட ஆகாது. என்ன பேப்பர், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஞாயிறு மதியம் முப்பத்தெட்டாவது தாளும் முடிந்தது. அவளுடைய சிவப்புப் பேனாதான். சரிக்குறியின் வாலை அவளைப் போலவே மேலே இழுத்துவிடப் பழகியிருந்தான்.

கூட்டல் சரிபார்க்க முதலிலிருந்து புரட்டினான். அவள் திருத்தியவற்றையும்.

பதினைந்தாவது தாள். செ. ஓவியா.

'வெயிட்டிங் ஃபார் த பஸ், மை மதர் ஃபெல் அஸ்லீப்.'

பஸ்ஸுக்குக் காத்திருந்த என் அம்மா தூங்கிப்போனாள்.

'வெயிட்டிங்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு. பக்கத்தில் பார்ட்டிசிப்பிள் என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண்.

பூங்கோதை அதன்மேல் தப்புக்குறி போட்டு, ஜெரண்ட் என்று திருத்தியிருந்தாள். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

அவன் வாக்கியத்தை மறுபடி படித்தான்.

காத்திருந்தது யார்? அம்மா. அப்படியென்றால் அம்மாவைச் சார்ந்துதானே நிற்கிறது?

நோட்டைப் பார்த்தான். பாடப்புத்தகத்தைப் பார்த்தான். அதேபோல ஒரு வாக்கியம் அதில் இருந்தது. பார்ட்டிசிப்பிள்தான்.

ஓவியா எழுதியது சரி.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் இங்கிலீஷில் அவன் ஒரு தப்பு கண்டுபிடித்திருக்கிறான்.

தாளை எடுத்துக்கொண்டு வேகமாக எழுந்தான்.

"பூங்கோத, இங்க பாரு, இது பார்ட்டிசிப்பிளு!"

சமையலறை வாசல் வரைக்கும் வந்துவிட்டான்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

நின்றான்.

பிறகு உள்ளே போய்க் குழாயை இறுக்கி மூடினான். மேடையைத் துணியால் துடைத்துவிட்டு, தாளை அதன்மேல் விரித்து வைத்தான்.

ஏன் அது பார்ட்டிசிப்பிள் என்று முதலிலிருந்து சொன்னான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லிலும் விரல் வைத்து. இடையில் ஒரு இடத்தில் குழம்பிற்று. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

தலை வலியோடு பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும் என்றும் சொன்னான்.

மேசைக்குத் திரும்பி, அவள் போட்ட தப்புக்குறியை அப்படியே விட்டுவிட்டு, ஓவியாவுக்கு ஒரு மதிப்பெண் கூட்டினான்.