துடைப்பத்தம்மாவின் வாளி

அந்தப் பொம்பளை இன்னும் அங்கேயேதான் இருந்தா.

ஸ்கேட் பார்க் கேட்டைத் திறந்ததுமே பார்த்துட்டேன். தலை மொத்தமா வெளுத்துப்போச்சு, முதுகு வளைஞ்சுபோச்சு. ஆனா கையில அதே துடைப்பம், பக்கத்துல அதே மாதிரி ஒரு வாளி. ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு இவளுக்கு இங்க என்ன வேலை?

"யாருப்பா அது?" மகள் கேட்டா. ஒன்பது வயசு. ஹெல்மெட், முழங்கால் பட்டை எல்லாம் வீட்டுலேயே மாட்டிக்கிட்டு வந்தாச்சு. இன்னிக்குத்தான் அவளுக்கு முதல் தடவை.

"துடைப்பத்தம்மா. கிட்டப் போகாதே."

"ஏன்?"

"என் முன்பல்லு ரெண்டும் பொய்ப்பல்லுதானே? அதுக்குக் காரணமே இவதான்."

நான் வளர்ந்ததே இந்த இடத்துலதான். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வேலியோரம் வீசிட்டு வந்தா, இருட்டுற வரைக்கும் சக்கரச் சத்தம்தான். நடுவுல இருக்கிற வட்டப் பள்ளத்துக்கு நாங்க வச்ச பேரு கிண்ணம். அதோட விளிம்புல சக்கரப் பலகையை வச்சு, முன்காலை அழுத்தி, ஒரே இறக்கமா இறங்கணும். அதுக்கு எனக்கு மூணு மாசம் ஆச்சு. இறங்கின அன்னிக்கு இருந்த திமிரு இருக்கே, அது வேலை கிடைச்ச அன்னிக்குக்கூட வரலை.

அடுத்த வாரமே கல்லு. கோலிக்குண்டு அளவுதான். சக்கரத்துல மாட்டினா பலகை நின்னுடும், நாம நிக்க மாட்டோம். வாய் அடிபட விழுந்தேன்.

யார் போட்டதுன்னு எங்க கூட்டத்துக்கே தெரியும். பார்க்குக்கு எதிர்வீடு அவளோடது. சத்தம் தாங்கலைன்னு மாசத்துக்கு ஒரு புகார் எழுதிப் போடுவா. போதாக்குறைக்கு தினமும் காலையில துடைப்பமும் வாளியுமா கிண்ணத்துக்குள்ள நிப்பா. வாளியில கல்லு இருந்ததை என் கூட்டாளி ஒருத்தன் கண்ணால பார்த்திருக்கான். வேற என்ன சாட்சி வேணும்?

அப்பா என்னைத் தூக்கிக்கிட்டு நேரா அவ வாசலுக்கே போனாரு. "பிள்ளைங்க விளையாடுற இடத்துல கல்லைப் போடுறியே, நீயெல்லாம் மனுஷியா?" தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அவ ஒரு வார்த்தை பேசலை. தப்பு பண்ணினவ எப்படிப் பேசுவான்னு நினைச்சுக்கிட்டேன்.

"இந்த விளையாட்டே வேண்டாம்டா, படிப்பைப் பாரு"ன்னாரு அப்பா. விட்டுட்டேன். பலகை பரண்ல ஏறிடுச்சு.

பேத்தியைக் கூட்டிட்டுப் போறேன்னு நேத்து சொன்னப்பவும் அவருக்கு அதே கவலைதான். இன்னிக்குக் காலையில வாக்கிங் முடிச்சு வந்தும் சொன்னாரு. "அந்தப் பொம்பளை இருப்பா, ஜாக்கிரதை."

நேரா போய் வாளியை எட்டிப் பார்த்தேன். மேலே சருகு. சருகுக்கு அடியில கல்லு.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க"ன்னேன்.

நிமிர்ந்து பார்த்தா. என் முகத்தைவிட என் பல்லைத்தான் அதிக நேரம் பார்த்தா.

"நீயா? வா."

"வர்றது இருக்கட்டும். இந்தக் கல்லுக்கு என்ன பதில்?"

"பெருக்கி எடுத்தது."

"போடறதுக்குக் கொண்டு வந்தது. இன்னும் சத்தம் தாங்கலையா உங்களுக்கு?"

"தாங்கலைதான். புகார் எழுதினது நான்தான், இப்பவும் எழுதறேன். அதுக்காக யார் வீட்டுப் பிள்ளைக்கும் பல்லு உடையணும்னு நான் நினைச்சதில்லை."

"அப்ப என் பல்லு?"

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். பெருக்க வர முடியலை."

இதை நான் நம்பணுமாம். ஃபோனை எடுத்தேன். பார்க் ஆபீஸுக்குப் பேசி, இன்னியோட இவளை உள்ளே விடாம பண்ணிடணும். இல்லைன்னா என் பிள்ளையை எந்த தைரியத்துல இறக்கிவிடறது?

"நீங்க போடலைன்னா வேற யார் போட்டா? சொல்லுங்க, கேட்போம்."

அவ துடைப்பத்தைத் தரையில தட்டிக்கிட்டே நின்னா.

அதுக்குள்ள மகள் வாளிக்குள்ள கையை விட்டுட்டா. "அப்பா, இது என் கல்லு."

"அழுக்கு. கீழே போடு."

"இல்லப்பா, பாரு. நான் மூஞ்சி வரைஞ்சது."

உள்ளங்கையில ஒரு கூழாங்கல்லு. சிவப்பு நகப்பாலிஷ்ல ரெண்டு கண்ணு, ஒரு வாய். போன வாரம் அவ வரைஞ்சு, தாத்தாவோட மீன் தொட்டியில போட்டது. நான் பக்கத்துலதான் இருந்தேன்.

அந்த மீன் தொட்டி நான் பிறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து எங்க வீட்டுல இருக்கு. "தொட்டியில கல்லு ஏன் குறைஞ்சுக்கிட்டே வருது?"ன்னு அம்மா ஒரு காலத்துல அடிக்கடி கேப்பாங்க. "கழுவும்போது போயிடுது"ன்னு அப்பா சொல்வாரு.

அப்படியே படியில உட்கார்ந்தேன். ஃபோனை எப்ப பாக்கெட்டுல வச்சேன்னு தெரியலை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா நீங்க."

"எப்படிச் சொல்றது? வாயெல்லாம் ரத்தமா அவர் தோள்ல சாஞ்சு கிடந்தே. அந்த நேரத்துல உனக்கு அவரை விட்டா யாரு?"

மகள் கல்லைத் துடைச்சுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டா. பலகையைத் தூக்கிக்கிட்டு சரிவுப் பக்கம் நடந்தா.

"இருடி, போகாதே"ன்னு எழுந்தேன்.

"போகட்டும் விடு"ன்னாங்க அவங்க. "இத்தனை வருஷமா வெறும் சருகுதான் வாரினேன். இன்னிக்கு உங்க அப்பா வந்துட்டுப் போனதைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, நீ பிள்ளையைக் கூட்டிட்டு வரப்போறேன்னு. அதான் ரெண்டு தடவை பெருக்கினேன்."