அழிய மறுத்த அழைப்பு

நோவா ஸ்கோஷியாவின் அந்த மீனவ ஊருக்கு இருந்த ஒரே ஆலயத்தை, விற்பதற்காக மறைமாவட்டம் பூட்டியது. ஆலயத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பேணிவந்த ஓடீல், குறித்த நேரத்தில் தானாக வெளியாகக் காத்திருந்த பதிவுகளையெல்லாம் நீக்கும்படி ஏஐ உதவியாளரைப் பணித்தாள். நீக்கிவிட்டதாக அது சொன்னது. ஆயினும் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து நின்றது: “ஞாயிறு காலை திருப்பலி. அனைவரும் வருக.” உடன் ஒரு படம்: திறந்த ஆலயக் கதவு, படியோரப் பனியில் ஊன்றி நின்ற கடப்பாரை. அவ்வாண்டு பனி இன்னும் பெய்திருக்கவில்லை.

பக்கத்தின் வரிசையில் அதைக் கண்ட மறைமாவட்ட அலுவலர் வெண்டல் தொலைபேசியில் சீறினார். “பூட்டின கோயிலுக்கு யாரைம்மா கூப்பிடுறீங்க? பேயையா?”

“நான் கூப்பிடலை சார். ஆனா இனிமே அழிக்கவும் மாட்டேன். முடிஞ்சா நீங்க வந்து அழிச்சுக்கோங்க.”

சனியன்று பனி கொட்டியது. ஞாயிறு காலையில் பதிவு வெளியானது. பூட்டை உடைத்தே தீருவதென்று ஓடீல் கடப்பாரையுடன் சென்றாள். படிகளில் ஒரு காலடித் தடமும் இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே பலர் குரலில் திருப்பலியின் வருகைப் பாடல் தொடங்கியிருந்தது.

கடப்பாரையைப் பனியில் ஊன்றிவிட்டு, அடுத்த அடியை உரக்கப் பாடியபடி அவள் உள்ளே நுழைந்தாள்.