ஓர் அடி பின்னால்

"கண்ணை மூடுங்க. இந்த உடம்பு நீங்க இல்லை. ஒரு அடி பின்னால வந்து நின்னு அதைப் பாருங்க. பாக்கறது யாரோ, அவங்கதான் நீங்க" என்றார் யோகா மாஸ்டர்.

கண்ணை மூடுவதுதான் ஜானகிக்கு ஆகாது. அவள் மூடிக்கொண்டால், கீழ் கோத்தகிரி எஸ்டேட் தொழிலாளர் லைனில் யார் வீட்டில் என்ன குழம்பு, எந்தப் புருஷன் யாரிடம் இளிக்கிறான் என்பதெல்லாம் ஊருக்கு எப்படித் தெரியும்? யோகாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவதே எல்லார் முதுகையும் பார்க்கத்தான்.

அன்று என்னவோ, நிஜமாகவே மூடிவிட்டாள். சில்லென்று எதுவோ கழன்ற மாதிரி இருந்தது. திறந்தால், தனக்கு நேர் முன்னால் யாரோ ஒருத்தி!

"மூக்கம்மா, யாருடி இவ? தோளு ஒரு பக்கமா சாஞ்சு கெடக்குது பாரு. ஸ்வெட்டருக்குப் பின்னால எத்தாச்சோடு ஓட்டை, கையே நொழையும்! ஊட்டுல சொல்றதுக்கு ஆளில்லயாக்கும்."

பக்கத்திலிருந்த மூக்கம்மா கண்ணைத் திறக்கவில்லை. பெரிய ஞானி!

வகுப்பு முடிந்ததும் அந்தப் பொம்பளை எழுந்து நடந்தாள். ஜானகி விடுவாளா? பனிமூட்டத்துக்குள் அந்த ஸ்வெட்டர் ஓட்டையைக் குறிவைத்தே பின்னால் போனாள்.

குழாயடியில் குடத்தோடு நின்ற கெஸியா, "ஏனக்கா, இன்னிக்கு வாயே தொறக்காம போறீங்க?" என்று அவளைக் கேட்டாள்.

ஓகோ, இவளுக்கும் தெரிந்தவளா! பின்னால் வந்த ஜானகியைக் கெஸியா ஏறிட்டும் பார்க்கவில்லை. திமிர்.

அந்தப் பொம்பளை லைனுக்குள் திரும்பி, ஒரு வீட்டு வாசலில் நின்றாள். ஜானகியின் வீடு.

கதவைத் திறந்தவன் மனோகரன், ஜானகியின் புருஷன். கட்டியவளிடம் முகம் கொடுத்துப் பேசி எத்தனையோ நாளாயிற்று. இவளைப் பார்த்ததும் பல் தெரியச் சிரிக்கிறான்!

"வா புள்ள, டீ போட்டு வெச்சிருக்கேன்."

இத்தனை வீட்டுக் கதையும் தெரிந்தவளுக்குத் தன் வீட்டுக் கதை தெரியாமல் போயிற்றே!

"அடப் பாவி மனுசா!" என்று கத்தியபடி, அவளை உள்ளே விட்டுச் சாத்திய கதவில் ஓங்கித் தட்டினாள். சத்தம் எழவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள்.

உள்ளே மனோகரன் டம்ளரை நீட்டியபடி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்: "அதிசயமா இருக்குது. ஊர்க்கதை ஒண்ணும் இல்லயா, ஜானகி?"

டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே முகம்.

"பாக்கறதுதான உனக்குப் புடிக்கும்? பாத்துக்கிட்டே இரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்தினாள்.