இருட்டு மூலை

இருபத்திரண்டு நாளாகத் தொடாமல் கிடந்த அண்ணனின் கேமராவை மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன். தனியாக ஒரு நல்ல படம் எடுத்தால் கேமரா எனக்கு, இல்லையென்றால் அதை விற்றுவிடப்போவதாக அப்பா சொல்லியிருந்தார்.

பொத்தானை அழுத்தியதும் உள்ளே கண்ணாடி எழும்பி கேமரா அதிரும். நட்சத்திரங்கள் இரட்டையாகிவிடும். அதிர்வு அடங்கும்வரை அண்ணன் லென்ஸின் முன்னால் கறுப்பு அட்டையைப் பிடிப்பான். பிறகும் அதை முழுதாக விலக்கமாட்டான்; படத்தின் மூலையில் இருட்டு நிற்கும்.

இன்று அட்டை இல்லாமலேயே எடுத்தேன். நட்சத்திரங்கள் ஊசிமுனைபோல் விழுந்திருந்தன. மூலையில் இருட்டு.

அப்பா திரையைப் பார்த்தார். "அந்தச் சோம்பேறி மாதிரியே நீயும் மூலைய விட்டுட்ட. அவன் அட்டையாலதான் மறைச்சியா?"

"புதைக்கிறதுக்கு முன்னாடி அத நான்தான் அவன் சட்டைப்பையில வச்சேன்ப்பா."