சாமி பேருக்கு

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ.”

குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு காதைச் சாய்த்தார்.

அவள் சொல்லத்தான் போனாள். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. பின்னால் வெள்ளிக்கிழமைக் கூட்டம்.

“அட, உங்களுக்கென்ன! வழக்கம்போல சாமி பேருக்குத்தானே? நான் கேட்கவே வேண்டாம்.”

சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பிவிட்டார்.

எட்டு வருஷமாக அப்படித்தான். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து இந்த முருகன் சன்னதியில் அவள் செய்த அர்ச்சனை அத்தனையும் சாமி பேருக்கே. தனக்கென்று எதுவும் கேட்கத் தெரியாத மனசு என்று குருக்கள் நாலு பேரிடம் சொல்லிப் பூரித்திருக்கிறார்.

மனசாவது மண்ணாங்கட்டியாவது!

பெயர் சொல்லப் போனால் திக்கும். ‘சாமி பேருக்கு’ என்றால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவ்வளவுதான் அவளுடைய பக்தி. நிறைமாதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அதையேதான் சொன்னாள். பிள்ளைக்கென்று வேண்டிக்கொள்ள வந்தவள்.

அந்தப் பிள்ளை இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிருந்தா. இன்று ஏழு முடிகிறது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று புது டீச்சர் இவளிடம் பெயர் கேட்டிருக்கிறார்.

“மறந்துபோச்சு மிஸ்.”

வகுப்பே சிரித்ததாம். போனில் அதைச் சொன்ன டீச்சரும் சிரித்தார்.

ஏழு வயசுப் பிள்ளைக்குப் பெயர் மறக்குமா? யாரிடமிருந்து கற்றுக்கொண்டது இந்தத் தந்திரம் என்று அவளுக்கா தெரியாது?

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெனிஃபர், பிள்ளையிடம் பேசிவிட்டு அவளைப் பார்த்தாள். உங்களுக்கும் திக்குமா என்று கேட்டாள்.

யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. சின்ன வயசில் வாயில் கூழாங்கல்லைப் போட்டார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். கேட்கத்தான் இல்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு பேருக்கும் பயிற்சி. உதட்டை அழுத்தாதீர்கள், லேசாக ஒட்டினால் போதும். மூச்சை விட்டுக்கொண்டே முதல் எழுத்தை இழுங்கள். திக்கினால் திக்கட்டும், கண்ணைக் கீழே போடாதீர்கள்.

இன்னொன்றும் சொன்னாள் ஜெனிஃபர். பிள்ளை திக்கும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அது ஒன்றுதான் அவளால் இன்னும் முடியவில்லை. பிள்ளை தவிப்பதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயால் சும்மா இருக்க முடியும்?

உள்ளே மணியை எடுக்கப்போனார் குருக்கள்.

“சாமி பேரு... இல்ல. எ... என் பொண்ணு பேருக்கு.”

குருக்கள் ஆச்சரியத்தோடு திரும்பி வந்தார். அவள் மூச்சை விட்டாள். உதட்டை லேசாக ஒட்டினாள்.

“பிருந்தா, சாமி!” பின்னாலிருந்து மாடி வீட்டு வனஜா அக்கா. “பாவம், அதுக்குத் திக்கும்.”

உதவியாம்!

பத்திக்கொண்டு வந்தது அவளுக்கு. பெண் பார்க்க வந்தவர்கள் பேரென்னம்மா என்று கேட்டதற்கு அப்பா பதில் சொன்னார். பஸ்ஸில் அவள் முடிப்பதற்குள் கண்டக்டர் வேறு ஊருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், அவளும் அந்த ஊரிலேயே இறங்கி வெயிலில் நடந்தாள். இப்போது பெற்ற பிள்ளையின் பெயரையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

“பிருந்தாவா, பேஷ். நட்சத்திரம்?”

“நா... நான் இன்னும் பேரு சொ... சொல்லல.”

“அதான் அவா சொல்லிட்டாளே அம்மா.”

“அ... அவங்க சொன்னாங்க. நா... நான் சொல்லல.”

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். கொட்டட்டும். அவள் குருக்கள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பி... பிபி... பி... பிருந்தா.”

திக்கித்தான் வந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது.

பிடித்திருந்த சின்னக் கை ஒரு தடவை இறுகியது.

என்ன நினைத்தாரோ குருக்கள், இந்த முறை சிரிக்கவில்லை. தட்டோடு கொஞ்சம் குனிந்தார்.

“நட்சத்திரம்?”

அவள் மூச்சை இழுப்பதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது.

“தி...”

பிருந்தா கையை விட்டுவிட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள்.

“தி... தி...”

கழுத்து நரம்பு புடைத்தது. கண் ஓரமாக ஒரு துளி வந்து நின்றது. கண்ணை மட்டும் கீழே போடவில்லை.

வனஜா அக்கா தொண்டையைச் செருமினாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கிக் காட்டினாள். அக்கா அடங்கிவிட்டாள்.

அடங்க வேண்டிய வாய் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

திருவாதிரை. நாக்கு நுனியில் வந்து நின்றது. பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் அவளுக்குத் தடங்கல் வருவதில்லை.

முந்தானையை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

“தி... திரு...”

குருக்கள் குனிந்தபடியே நின்றார்.

நிற்கட்டும். எட்டு வருஷம் அத்தனை அர்ச்சனையையும் தன் பேருக்கே வாங்கிக்கொண்ட சாமியும் கொஞ்சம் நிற்கட்டும்.