அவன் பிழைக்கணும்

"டில்லிபாபு ஊட்டு ஆளு யாராவது கீறீங்களா இங்க?"

கிளைச் சிறையின் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்தவன், வாசலில் காத்து நின்றவர்களைப் பார்த்துக் கேட்டான். சேட்டு என்று பெயர். அப்போதுதான் ஜாமீனில் விட்டிருந்தார்கள்.

வேலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் கீறேன். எங்க ஊட்லதான் இருந்தான். இன்னா ஆச்சு?"

"சீக்கிரம் எதுனா பண்ணும்மா. நேத்துலேர்ந்து அவனுக்கு ஃபிட்ஸ் வந்துக்கினே கீது. வாயெல்லாம் நுரை. உள்ள காலை நீட்ட எடமில்ல, எல்லாரும் குந்திக்கினேதான் தூங்கறோம். அவனைக் கக்கூஸ் ஓரமா தள்ளிப் போட்டு வச்சிருக்காங்க. நடிக்கிறான்னு சொல்றாங்க."

புதன்கிழமையிலிருந்து வேலம்மா ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. சுருக்குப் பையில் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தாள். நேரே கதவுக்குப் போய்த் தட்டினாள்.

வார்டர் எட்டிப் பார்த்தார்.

"சார், டில்லிபாபுக்கு வலிப்பு மாத்திரை. நான்தான் மாசாமாசம் ஆஸ்பத்திரில வாங்கியாந்து குடுப்பேன். ரெண்டு வேளை போடாம உட்டாப் போதும், அடுக்கடுக்கா வந்துரும்."

"வெளி மாத்திரையெல்லாம் உள்ள போகாதும்மா. டாக்டர் சொல்லணும்."

"அப்ப டாக்டரைக் கூப்டு சார்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்குத்தான் வருவாரு."

"அதுக்குள்ள அவன் செத்துட்டா?"

வார்டர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "பெத்த வயிறு துடிக்கத்தான் செய்யும். நான் என்ன பண்றது? என் கையில எதுவும் இல்ல." கதவு சாத்திக்கொண்டது.

வேலம்மாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கதவுக்கும் டீக்கடைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். அவன் சாகக்கூடாது. இப்போது சாகக்கூடாது.

மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண், மயிலாப்பூரில் இலவசமாகக் கேஸ் பார்க்கும் வக்கீல் வெரோனிகாவுக்கு போன் போட்டுக் கொடுத்தாள். பூசை முடிந்து சர்ச் வாசலில் நின்றிருந்த வெரோனிகா, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்ததும் வார்டரிடம்தான் பேசினாள். "உள்ள வர்ற ஒவ்வொருத்தரையும் டாக்டர் பார்த்திருக்கணும் சார். படுக்க இடம், குடிக்கத் தண்ணி, மருந்து, இதெல்லாம் நீங்க காட்டற இரக்கம் இல்ல. சட்டம். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"அதிகாரி வரட்டும் மேடம். நான் ஒரு சாதாரண வார்டர்."

வெரோனிகா அதற்கு மேல் வாதாடவில்லை. "ஏறுங்கம்மா வண்டில. மாஜிஸ்ட்ரேட் வீடு அபிராமபுரத்துலதான் இருக்கு."

சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் வேலம்மாவுக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. "இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மாஜிஸ்ட்ரேட் சுந்தரராமன் வேட்டி பனியனோடு வாசலுக்கு வந்தார். வெரோனிகா விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"லீவு நாள்ல இப்படி வீட்டுக்கு வந்து நின்னா எப்படிம்மா? நாளைக்குக் காலையில முதல் வேலையா எடுத்துக்கறேனே."

வேலம்மா முன்னால் வந்தாள். "ஐயா, தண்டனை குடுக்கறது நீங்க. அத உள்ளாற கீறவங்களே குடுத்துட்டா, அப்பறம் நீங்க எதுக்கு, கோர்ட்டு எதுக்கு?"

அவர் சட்டையைத் தேடிக்கொண்டே போனில் சிறை அதிகாரியைக் கூப்பிட்டார். "நான் இப்போ அங்கதான் கிளம்பி வர்றேன். வந்து சேர்றப்போ ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்கணும்."

நின்றது. அவர் உள்ளே போய் வெளியே வந்தபோது கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. "அந்த ரூம்ல மனுஷன் இருப்பானாய்யா? பாதிப் பேரை இன்னிக்கே வேற இடத்துக்கு மாத்துங்க" என்று யாரையோ சத்தம் போட்டார்.

டில்லிபாபுவை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கி, கண்கள் பாதி சொருகியிருந்தன. வேலம்மா முண்டியடித்துக்கொண்டு போய்க் குனிந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தாள்.

"நல்லவேளை, இப்பவாவது கூப்பிட்டீங்க" என்றான் ஆம்புலன்ஸில் வந்தவன், ஊசியைப் போட்டுவிட்டு. "பொழச்சுக்குவாரு."

வண்டி கிளம்பிய பிறகுதான் வேலம்மா பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாள்.

வெரோனிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "குடிங்கம்மா. நாளைக்கு இந்த நிலைமையைச் சொல்லியே ஜாமீன் கேட்டுடலாம். உங்க பையன் சீக்கிரமே வீட்டுக்கு வந்துடுவாரு."

வேலம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜாமீன்லாம் கேட்டுறாதம்மா. அவன் என் புள்ள இல்ல, மருமவன். புதங்கெழமை என் பொண்ண அடிச்சே கொன்னுட்டான். செத்துட்டான்னா கேஸை மூடிருவாங்களாமே, அதான் ஓடியாந்தேன்... ஜட்ஜு தீர்ப்பு சொல்லச் சொல்ல அவன் கூண்டுல நின்னு கேக்கணும்."